ஜமால் பாய் இல்லாத பேனர்

திருச்சியில் காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து ஏழரைக்குப் பெரம்பலூரில் இறங்கினேன். டாக்டர் கவிதாவின் கார் காத்திருந்தது. முன்சீட்டில் பிசியோதெரபிஸ்ட் முருகேசன். இருவரும் பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம் பற்றிய ஆய்வுத் திட்டம் ஒன்றில் இருப்பவர்கள். இதில் நோயாளிகளும் ஆய்வாளர்களே. எதை ஆராய்வது, ஊருக்கு என்ன சொல்வது என்பதை அவர்களும் கூட உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அன்று மாலை அரியலூரில் பொதுக்கூட்டம். பேச வேண்டியவர் அவர்களில் ஒருவரான லெப்பைக்குடிக்காடு ஜமால் பாய். அவரை அழைத்துவரத்தான் போகிறோம். கூட்டத்தைப் பற்றி எழுதித் தருவது என் வேலை.

வாலிகண்டபுரம் தாண்டியதும் முருகேசன் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தப்பு என்னோடதுதான் சார். பேனர்ல பாய் போட்டோவப் போட்டுட்டேன்."

நம் பக்கம் கூட்டமென்றால் பேனர், பேனரென்றால் முகம். முகமில்லாமல் அடிக்கச் சொன்னால் அச்சடிப்பவரே சிரிப்பார். ஜமால் பாய் துபாயில் மளிகைக்கடைக் கல்லாவில் இருந்தவர். கை ஆடத் தொடங்கியதும் திரும்பிவிட்டார். ஊருக்குள் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேதான் நடப்பார். மகள் நஸீமாவுக்கு உள்ளூரிலேயே மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். அரியலூரில் தன்னைத் தெரிந்தவர் இல்லை என்ற தைரியத்தில்தான் பேச ஒப்புக்கொண்டார். முருகேசனோ அன்பு மிகுதியில் அவர் முகத்தைப் பெரிதாகப் போட்டு, 'பார்க்கின்சனோடு வாழ்ந்து காட்டுபவர்' என்று எழுதி, அரியலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் கட்டிவிட்டார். ஊர்க்காரர் யாரோ படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நாங்கள் போனபோது பாய் கைலியோடு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. "எனக்கு வந்தது நஸீமாவுக்கும் வருமான்னு மாப்பிள்ளை வீட்ல கேக்குறாங்க டாக்டரம்மா. ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போயிடுங்க."

மாப்பிள்ளை வீடு அடுத்த தெருவில்தான். மாப்பிள்ளையின் தாயார் டீயும் பிஸ்கட்டும் வைத்து மரியாதையாகத்தான் கேட்டார். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

"பெரும்பாலும் வேணாங்க. அந்தப் புள்ளைக்கு வரவே வராதுன்னு சொல்லுங்க. இன்னைக்கே தேதி வச்சிடுறோம்."

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படி யாருக்குமே சொல்ல முடியாதும்மா. எனக்கு வராதுன்னுகூட நான் சொல்ல முடியாது."

"நீங்களே இப்படிச் சொன்னா நாங்க என்ன பண்றது?" என்றார் அந்த அம்மாள். அவ்வளவுதான், கல்யாணப் பேச்சு முறிந்துவிட்டது. ஒரே ஒரு பொய் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கு டாக்டர் மேல் கோபம் கோபமாக வந்தது.

திரும்பி வந்ததும் எங்கள் முகத்தைப் பார்த்தே நஸீமா புரிந்துகொண்டாள். நடந்ததை டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

"வராதுன்னே சொல்லியிருக்கலாமே டாக்டர்," என்றாள் மெதுவாக.

"தெரியாதத அவங்க எப்புடிம்மா சொல்வாங்க? நானும் அந்த ஆராய்ச்சியிலதானே இருக்கேன்," என்றார் பாய். பிறகு முருகேசனிடம், "நான் வரலைங்க. என் படத்த மட்டும் எடுத்துடுங்க."

அரியலூருக்குள் நுழைந்தபோது மணி இரண்டு. சிமெண்ட் லாரிகளின் புழுதி. பேனரை மொத்தமாக அவிழ்த்தால் கூட்டம் ரத்து என்று நினைத்துக்கொள்வார்கள் என்பதால், முருகேசன் ஏணி போட்டு ஏறி பாயின் படத்தை மட்டும் பிளேடால் அறுத்தெடுத்தார். அந்த ஓட்டை வழியாகப் பின்னால் இருந்த டீக்கடை தெரிந்தது.

கூட்டத்தில் திருமானூர்க்காரர் ஒருவர் எழுந்தார். அவருக்கும் கை ஆடியது. "எம் புள்ளைங்களுக்கும் இது வருங்களா?"

டாக்டர் காலையில் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொன்னார். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

கூட்டம் முடிந்து பஸ் ஏறும்போது முருகேசன் ஒரு சுருளை என் கையில் திணித்தார். "குப்பையில போட மனசு வரல சார். பாய்கிட்டயும் குடுக்க முடியாது. நீங்க கொண்டுபோயிடுங்க."

திருச்சிக்கு எழுபது கிலோமீட்டர். பாதி வழியில் பிரித்துப் பார்த்தேன். ஜமால் பாய் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மார்பளவுப் படம். கை அதில் இல்லை.