ஏழாம் நம்பர் ஸ்பெக்ட்ரம்

ஊட்டியில் நான் வேதியியல் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த கல்லூரியில் ஐ.ஆர். என்ற அகச்சிவப்புக் கருவி கிடையாது. கோவையில் யாரோ எப்போதோ எடுத்த ஸ்பெக்ட்ரங்களை ஜெராக்ஸ் போட்டு, மூலையில் நம்பர் எழுதி, இறுதியாண்டு மாணவர்களிடம் கொடுப்பார்கள். கோடுகளைப் பார்த்து அது என்ன சேர்மம் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிப்பாவது, மண்ணாவது! ஏழாம் நம்பர் என்றால் பென்சோபீனோன் என்று சீனியர்களே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், மார்க் விழும்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. கீழ் கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு மாணவியின் அப்பா வேலை பார்த்த ஃபாக்டரியைப் பூட்டிவிட்டார்கள். நல்ல மார்க் வாங்கி எம்.எஸ்சி. சீட்டு கிடைத்தால் மேலே படிப்பாள், இல்லையென்றால் திருப்பூர் பனியன் கம்பெனிதான். செய்முறைத் தேர்வில் அவளுக்கு ஏழாம் நம்பர் வந்தது. பாவி, அதை உண்மையாகவே படித்துத் தொலைத்தாள்.

"பென்சோபீனோனா இருந்தா 1660 பக்கம் கார்பனைல் கோடு பெரிசா எறங்கணுங்க சார். இதுல இல்லைங்க. 3300-ல அகலமா இருக்குது. இது ஆல்கஹாலுங்க."

வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்த வெளித்தேர்வாளர், விடைத்தாளைப் பார்த்து சைபர் போடப் போனார். நான் ஸ்பெக்ட்ரத்தை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. எந்தக் காலத்திலோ தாள் மாறியிருக்கிறது, துறையில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. துறைத்தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அது ஊட்டி ஈரம், சார். அப்படித்தான் அகலமாத் தெரியும்" என்றார், கோவையில் எடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டே. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இவ சரின்னா, இத்தன வருசம் போட்ட மார்க்கெல்லாம் என்னாகறதுங்க?"

அவளிடம் திரும்பி, பாசமாகவே சொன்னார்: "அடிச்சுட்டு பென்சோபீனோன்னு எழுதும்மா. முழு மார்க்கு. சீட்டு கெடச்சிரும்."

"1660-ல கோடு இல்லீங்களே சார்."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாளில் 1660-க்கு நேராக ஒரு கோட்டைக் கீழே இழுத்து, மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார். "இப்ப இருக்குதில்ல?"

வெளித்தேர்வாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல இருக்கிறது.

"எழுதாதம்மா. நான் யுனிவர்சிட்டிக்கு எழுதிப் போடறேன்" என்றேன்.

"பதில் வர்றதுக்குள்ள அட்மிஷன் முடிஞ்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டு, அடித்து எழுதினாள். சீட்டு கிடைத்தது.

அடுத்த வருடம் அந்தத் தாளையே ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஒரு மாணவன் 1660-இல் விரலை வைத்து, "கார்பனைல் நல்லாத் தெரியுதுங்க சார்" என்றான்.