வேப்பிலை கட்டிய வாசல்

ஆறாவது படிக்கும் என் மகள் காவ்யாவுக்கு லூபஸ் நோய். அவள் உடலையே தாக்கும் பி-செல் என்ற எதிர்ப்பு அணுக்களை அழிக்கும் மருந்தை ஏற்றிய டாக்டர், "எதிர்ப்பு சக்தி கொறஞ்சிருக்கும், வெளிய அனுப்பாதீங்க" என்றார்.

மூன்று மாதம் வீட்டிலேயே கிடந்தவள், "ஒரே ஒரு தடவ ரம்யாவப் பாத்துட்டு வாரேம்மா" என்று கெஞ்சினாள். மனசு கேட்காமல் அடுத்த தெருவிலிருக்கும் அந்தத் தோழி வீட்டுக்கு அனுப்பினேன்.

திரும்பி வந்து, "அவங்க வாசல்ல வேப்பிலை கட்டியிருக்கும்மா. அக்காவுக்கு அம்மையாம்" என்றாள்.

பதறிப்போய் டாக்டரிடம் ஓடினேன். அம்மை வராமலிருக்க மருந்து கொடுத்தார். மூன்று வாரம் தினமும் அவள் முதுகைத் தடவிப் பார்த்தேன். ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

இப்போது அவளை எங்கும் அனுப்புவதில்லை. அந்த அக்காவுக்கு அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் ரம்யா எங்கள் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறாள்.

"கிளாஸ்ல என் எடத்துல யாருடி உக்காருறா?" என்று உள்ளிருந்து கேட்கிறாள் இவள்.

"யாருமில்ல. என் பையத்தான் வச்சிருக்கேன்."