சந்தோரினியில் ஒரு சோடிச் செருப்பு

சென்ற வருடம் வைகாசி மாதம், கிரேக்க நாட்டின் சந்தோரினித் தீவில் நடந்தது இது. எங்கள் ஊர் மானிப்பாய் வெயில் போதாதென்று இன்னொரு தீவுக்கு வெயில் காயப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை விசா எடுத்து என்னைக் கூப்பிட்டிருந்தாள். "இவ்வளவு தூரம் வந்திட்டியள், ஒருக்கா அந்தக் கடலையும் பாருங்கோ அக்கா" என்று தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடல் பார்க்கக் கீரிமலை போதாதா என்று கேட்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தீவு அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீடு, மதில், படி எல்லாம் ஒரே வெள்ளை. எங்கள் ஊரில் ஒழுங்கை நெடுக வெள்ளைக்கொடி கட்டியிருந்தால் அங்கே செத்தவீடு என்று அர்த்தம். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வெள்ளை என்னவோ செய்தது. வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். "உந்தக் கதையை விடுங்கோ" என்று தங்கை சினந்தாள். அவளுக்குப் படம் எடுக்கிற அவசரம். வெள்ளைச் சுவருக்கு எடுப்பாக இருக்கும் என்று எனக்குச் சிவப்புச் சேலை கட்டுவித்திருந்தாள்.

அன்று பின்னேரம் எங்களுக்குக் கப்பல். அதைத் தவறவிட்டால் விமானமும் போய்விடும், என் விசாவும் முடிந்துவிடும் என்று அவள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். என் கடவுச்சீட்டு, கைத்தொலைபேசி எல்லாம் அவளுடைய பையில். என் கையில் ஒரு குடை மட்டும்தான்.

"இதிலையே நில்லுங்கோ. தண்ணி வாங்கிக்கொண்டு ஓடிவாறன்" என்று ஒரு திருப்பத்தில் என்னை விட்டுவிட்டுப் போனாள். நின்றேன். குடையையும் மீறி வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு நிழல் தெரிய, அங்கே போனேன். படம் எடுக்க வந்த கூட்டம் ஒன்று என்னை ஒதுக்கியதில் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். திரும்பி வந்தால், நான் நின்ற இடத்தைக் காணவில்லை. எந்த ஒழுங்கையைப் பார்த்தாலும் அதே சுவர், அதே நீலக் கதவு. ஏறினேன், இறங்கினேன். முதல் கண்ட பூச்சாடியைத்தான் திரும்பக் கண்டேனா, அது வேறு பூச்சாடியா, அதுவும் தெரியவில்லை. மொழி தெரியாது. தங்கையின் தொலைபேசி எண் மனப்பாடம் இல்லை. வழி தெரியாமல் நின்றதாக யாராவது சொன்னால் பகிடி பண்ணுகிற ஆள் நான். அன்று நானே நடு ஒழுங்கையில் முழித்துக்கொண்டு நின்றேன். விசா முடிந்தவளை இந்த ஊரில் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்போது மணி கேட்டது. சத்தம் வந்த பக்கம் போனால் சிறிய தேவாலயம் ஒன்று. உள்ளேயிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. யாராவது உதவுவார்கள் என்ற நம்பிக்கையில், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். நான் சைவக்காரி. யாருடைய கோயில் என்றாலும் செருப்போடு போக எனக்குக் கால் வராது. மற்ற எல்லோரும் சப்பாத்தோடு நிற்பதை உள்ளே போன பிறகுதான் கண்டேன். அத்தனை பேரும் கறுப்பு உடை. இது இவர்களுடைய வழக்கமாக்கும் என்று ஓர் ஓரமாக நின்றேன்.

வழிபாடு முடிந்ததும், என் வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எல்லோருக்கும் சின்னக் கடதாசிப் பைகள் கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கும் ஒன்று தந்தார். அவித்த கோதுமை, சீனி, மாதுளை முத்துகள். கோயிலில் தந்தால் பிரசாதம்தானே. பசியில் அங்கேயே வாயில் போட்டுக்கொண்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இன்னொரு பையும் தந்தார். மறுக்காமல் அதையும் சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் முன்னால் இருந்த மேசையில், கோதுமைத் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு மனிதரின் படமும் மெழுகுதிரியும் கண்ணில் பட்டன. அந்தப் பெண்ணின் கண்கள் அழுது வீங்கியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளை ஊரைப் பார்த்துச் செத்தவீடு என்று சொன்ன நான், உண்மையாகவே ஒருவரின் நினைவுநாளில் சிவப்புச் சேலையோடு புகுந்து, கேட்டு வாங்காத குறையாகத் தின்றுகொண்டு நிற்கிறேன். வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன்.

அவருடைய பார்வை என் வெறுங்காலில் விழுந்தது. ஏதோ கேட்டார். நான் வாசல் பக்கம் கையைக் காட்டினேன். அதை என்னவென்று எடுத்தாரோ, பக்கக் கதவால் விறுவிறுவென்று வெளியே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு சோடி தோல் செருப்பு இருந்தது. ஆண்கள் போடுவது, பெரிய கால் பதிந்த தடமும் இருந்தது. குனிந்து அதை என் காலடியில் வைத்தார்.

எங்கள் ஊரில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில், செத்தவரின் பெயரால் ஐயருக்குக் குடையும் செருப்பும் தானம் கொடுப்பார்கள். குடை ஏற்கெனவே என் கையில் இருக்கிறது. இது தானமா? அப்படியென்றால் நான் வாங்கலாமா? அல்லது படகில் வந்து இறங்கிய அகதி என்று நினைத்துவிட்டாரா? அப்படி நினைத்தாலும் கோபிக்க என்ன இருக்கிறது? ஒருகாலத்தில் போருக்குத் தப்பி இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தவள் நான், முன்பின் தெரியாதவர்கள் தந்ததை வாங்கி உடுத்தவள்.

"அக்கா."

வாசலில் தங்கை, மூச்சு வாங்க நின்றாள். கையில் என் றப்பர் செருப்பைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நான் கண்ணால் காட்டினேன். அவளும் எங்கள் ஊர்ப் பிள்ளைதானே, விளங்கிக்கொண்டு சட்டென்று செருப்பைப் பைக்குள் மறைத்தாள். நான் அந்தப் பெரிய செருப்புக்குள் காலை நுழைத்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து அழுத்தினார். தங்கையின் கையில் இருந்ததைக் கண்டாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் வெளியே வந்தேன்.

"எப்பிடியடி கண்டுபிடிச்சனி?" என்று ஓட்டமும் நடையுமாகக் கேட்டேன்.

"கோயில் கோயிலா வாசலைப் பாத்துக்கொண்டு வந்தன். இந்த ஊரிலை செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்குப் போற ஆள் வேறை ஆர்?"

கப்பலில் ஏறி உட்கார்ந்த பிறகு, "அவவுக்கு நன்றி சொன்னனீங்களே?" என்று கேட்டாள்.

"செத்தவீட்டிலை ஆரும் சொல்லிப்போட்டு வாறவையே?"

"அது எங்கடை ஆக்களுக்குத்தானே அக்கா தெரியும்" என்றாள். நான் எழுந்து பார்த்தேன். தீவு எப்போதோ தூரப் போயிருந்தது.

அந்தச் செருப்பு இப்போது மானிப்பாயில் என் வீட்டில் இருக்கிறது. போடவும் முடியவில்லை, எறியவும் மனமில்லை. நான் பேசாமல் வந்தது மரியாதை என்று அவருக்கு யார் சொல்வார்கள்? இந்த வைகாசியில் கோதுமை அவித்து, சீனியும் மாதுளையும் போட்டு, பெயர் தெரியாத அந்த மனிதரை நினைத்து அயலுக்கெல்லாம் கொடுத்தேன். யாருக்கு, என்ன முறை என்று கேட்டவர்களுக்கு எந்த உறவைச் சொல்வதென்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.