சூப்பர் ஹீரோ படத்துத் தலைவனும் நானும்

எங்கள் வீட்டில் விரதச் சட்டம் முழுக்க என் கையில்தான். தைப்பூசம் நெருங்கினால் தனிச் சட்டி, தனிக் கரண்டி. பிஸ்கட் பாக்கெட்டைக்கூடத் திருப்பி வரி வரியாகப் படிப்பேன். நான் படுத்துகிற பாட்டை அம்மாவாலேயே தாங்க முடியாது.

இந்த வருடம் பால்குடம் எடுத்தது தம்பி. பிடோங் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். போன வருடக் கடைசியில் அவனுக்கு நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத அழுகை. வேலைக்குப் போகாமல் அறையிலேயே சுருண்டு கிடந்தான். ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் கப்சூல் கொடுத்தார். மெல்ல மெல்லச் சோறு இறங்கியது, பேச்சு வந்தது. முழுசாகக் குணமாக வேண்டும் என்று அம்மா முருகனுக்கு நேர்ந்துகொண்டார்.

நான் சும்மா இருந்தேனா? கப்சூலின் மேல்தோலை மாட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்று யாரோ கைப்பேசியில் அனுப்பியிருந்ததைப் படித்துவிட்டு, நேராக அவன் அறைக்குப் போனேன்.

"பால்குடம் எடுக்கறவன் மாட்டத் தின்னலாமாடா? பூசம் முடியட்டும், அப்புறம் சாப்புடு லா. முருகன் பாத்துக்குவாரு."

தலையாட்டினான். சின்ன வயதிலிருந்தே அவன் என் பேச்சைத் தட்டியதில்லை.

பூசத்தன்று குடத்தை ஏந்தி நன்றாகத்தான் நடந்தான். அதற்குள்ளேயே தலை சுற்றல், தூக்கமின்மை எல்லாம் தொடங்கிவிட்டதை எங்களிடம் சொல்லவில்லை. பூசம் முடிந்ததும் திரும்பப் போர்வைக்குள் போய்விட்டான். மருந்தை எடுத்து நீட்டினால், "வேணாங்க்கா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் கண் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

அவனுக்கு சூப்பர் ஹீரோ படங்கள் என்றால் உயிர். வெளியே வந்தாலாவது முகம் தெளியட்டும் என்று எங்கள் ஊர் திகாம் பத்துவிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குக் காரோட்டி, மாலில் படத்துக்குக் கூட்டிப் போனேன். சண்டையும் வெடியுமாக இருக்கும் என்று பார்த்தால், கதை வேறு மாதிரி போனது. உலகத்தைக் காப்பாற்றும் ஒரு கூட்டம். அதிலே பறக்கக்கூடிய பெண் ஒருத்தி படுக்கையை விட்டே எழ மாட்டேன் என்கிறாள். கூட்டத்தின் தலைவன் வாசலில் நின்றுகொண்டு, "எழுந்திரு, மனசை உறுதியாக்கு" என்று அதட்டுகிறான். அவள் இன்னும் சுருங்குகிறாள். அதிகம் பேசாத ஒருத்தன் மட்டும் உள்ளே போய், அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்கிறான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரையில் வந்த அந்தப் பெண்ணுக்காக மூக்கைச் சிந்தினேன். தலைவன் மேல் வந்த ஆத்திரத்தில் தம்பியின் காதோரம் குனிந்தேன்.

"என்ன ஜென்மம்டா இவன்? அவ என்ன வேணும்னா படுத்திருக்கா?"

தம்பி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இவன் பரவால்லக்கா. மருந்த நிறுத்தச் சொல்லல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். அதற்குப் பிறகு படம் என் மண்டையில் ஏறவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது சாட்சாத் நான்தான். காரில் வரும்போது, "நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம் தம்பி, நானும் வரேன்" என்றேன். சரி என்றான்.

டாக்டர் தமிழ்ப் பெண். விரதத்துக்காக நிறுத்தினேன் என்று அவன் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"கப்சூல் வேணாம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாத்திரையா மாத்திக் குடுத்திருப்பேனே தம்பி. திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும் தெரியுமா? யார் சொன்னது ஒங்களுக்கு?"

தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் நிறுத்தினேன்."

டாக்டர் அவனைக் கடிந்துகொண்டார். படித்த பிள்ளைதானே, இப்படிச் செய்யலாமா என்றார். அவன் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டான். பிறகு டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்களாவது பக்கத்துல இருந்து பாத்துக்குங்கம்மா" என்றார்.

சரிங்க டாக்டர் என்றேன்.