கைக்குத் தெரிந்த இடம்

அக்கா எந்தப் பொருளைக் கீழே வைத்தாலும் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். சீப்பு, சாவி, டம்ளர், எதுவானாலும் சரி. ‘இங்கயே இரு, எங்கயும் போயிடாதே’ என்று குழந்தைக்குச் சொல்வது போல இருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன்.

மருந்துக் கம்பெனி குடோனில் பதினாறு வருடம் பெட்டி அடுக்கினாள். வீடு மாறிய ஒரு தோழிக்குச் சமையலறையை ஒழுங்கு செய்து கொடுக்கப் போனாள். தோழி சொல்லி இன்னொருத்தி கூப்பிட்டாள். நாலாவது வீடு முடிந்ததும் வேலையை விட்டுவிட்டாள்.

“ஊரார் வீட்டுக் குப்பையக் கிளறவா நல்ல வேலையத் தூக்கிப் போட்டே?” என்றார் அத்தான்.

“குப்பைக்குள்ள தொலைஞ்சு போனத எடுத்துத் தர்றேன். முதல்ல உங்க மூக்குக்கண்ணாடி எங்கன்னு சொல்லுங்க பாப்போம்.”

அது அவர் நெற்றியில்தான் இருந்தது.

நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். மனிதர்களிடம் பேச வராது, ஆனால் கையெழுத்து நன்றாக வரும். “உனக்கு வாய் வேண்டாம்டி, கண்ணு போதும்” என்று சொல்லி, பெயர் அட்டை எழுத அக்கா என்னைச் சேர்த்துக்கொண்டாள்.

ஏழாவது வீடு ஒரு தையல்காரருடையது. தொழிலை விட்டு வெகுகாலமாகிவிட்டது, மனைவியும் இல்லை. வெளியூரில் இருக்கும் மகள்தான் வந்து எங்களைக் கூப்பிட்டாள். “அப்பா தனியா சமாளிச்சா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா முதியோர் இல்லம்தான், எனக்கு வேற வழி தெரியலக்கா.”

வீடு அலங்கோலமாகக் கிடந்தது. சர்க்கரை டப்பா ரேடியோ மேல். கத்தரிக்கோல் கட்டில் காலில் தொங்கியது. தையல் மிஷினின் இடது இழுப்பறையில் காலை மாத்திரை, வலது இழுப்பறையில் இரவு மாத்திரை.

“எம் பொண்ணுக்கு ஒழுங்கு வேணுமாம்” என்று தையல்காரர் சிரித்தார். “எனக்கு நீட்டுன கைக்குப் பொருள் வந்தாப் போதும்.” என்னைப் பார்த்து, “இந்த ஊமைக்கோட்டான் வாயத் தொறக்குமா?” என்றார்.

அக்கா குடோன் முறைப்படி இனம் இனமாகப் பிரித்தாள். மாத்திரைகள் எல்லாம் அறைகள் உள்ள ஒரே வெள்ளைப் பெட்டிக்குள் போயின. நான் பெரிய எழுத்தில் ‘காலை’, ‘இரவு’ என்று எழுதினேன். அவர் ஒரு அட்டையை வாங்கிக் கட்டைவிரலால் தடவி, “முத்து முத்தா எழுதியிருக்கியே!” என்றார்.

அட்டையை அவர் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

மகள் பக்கத்தில் நின்றதால் நான் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போதாவது அக்காவிடம் சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அவள் பாடிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பதினோராம் நாள் மகள் போன் செய்தாள். காலையில் இரவுக்கான தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தையல்காரர் தலை சுற்றி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். “நீங்க அழகா அடுக்கித்தான் குடுத்தீங்க. அப்பாவாலதான் முடியல” என்றாளாம். இதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் அவர் அக்காவிடம் குரலைத் தாழ்த்தினார். “கண்ணு மங்கி மூணு வருஷமாச்சும்மா. தெரிஞ்சா அவ அன்னைக்கே என் பெட்டியக் கட்டியிருப்பா. நீயும் அளவெடுக்காமத் தைச்சுட்டே.”

வெளியே வந்ததும் அட்டையைப் பற்றிச் சொன்னேன்.

“அப்பவே ஏன்டி சொல்லல?”

“நீ சந்தோஷமா இருந்தே.”

அக்கா திட்டவில்லை. தெருவோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மகளிடம் சாவி வாங்கினோம். என் ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றையும் பழைய இடத்தில் வைத்தோம். ரேடியோ மேல் சர்க்கரை, கட்டில் காலில் கத்தரிக்கோல். மகள் வந்து வாசலிலேயே நின்றாள்.

“என்னக்கா, மறுபடியும் கலைச்சுப் போட்டிருக்கீங்க?”

“இதுதாம்மா அவரோட ஒழுங்கு. இப்படியே விட்டா அவரால இருக்க முடியும். தப்பு என்னோடது.”

“இன்னொரு தடவ விழுந்தா? அப்ப யாருக்கா பக்கத்துல இருப்பா?”

அக்கா சாவியை அவளிடம் திருப்பிக் கொடுத்தாள்.

இப்போதும் நாங்கள் வீடுகளை ஒழுங்கு செய்கிறோம். முதல் நாள் அக்கா எதையும் தொடுவதில்லை. வீட்டுக்காரர்களின் கை எங்கே போகிறது என்று உட்கார்ந்து பார்ப்பாள். நான் பார்த்ததை அன்றன்றே அவளிடம் சொல்லிவிடுகிறேன். பொருளை வைத்துத் தட்டும் பழக்கம் இப்போது அவளிடம் இல்லை. தையல்காரர் முதியோர் இல்லத்தில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். அவர் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.