பிஸ்டன் மேல் ரொட்டி மா

பிள்ளைகள், எஞ்சினில் புதுச் சாமான் எது போட்டாலும், சாவி போடுமுன் நான் அதைக் கையால் சுற்றிப் பார்ப்பதைக் கண்டு நீங்கள் சிரிப்பீர்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த பழக்கம்.

நாங்கள் மொன்றியலுக்கு அகதியாக வந்த காலம். லாசாலில் ஒரு கராஜில் எனக்கு வேலை. என்னோடு ஒரே அறையில் மட்டக்களப்புத் தம்பி ஒருவர் இருந்தார். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி ஏற்றிக் கடை கடையாக இறக்குவது அவருடைய பிழைப்பு. பாரத்தோடு அவருடைய பழைய வான் மேட்டில் ஏறாது. மனைவியும் மகளும் ஊரில், சண்டைக்குள். அவர்களைக் கூப்பிட அவருக்கு இருந்தது அந்த வான் ஒன்றுதான்.

எஞ்சினுக்கு வலுக் கூட்டவென்று, உடைந்த கார்கள் குவிக்கிற இடத்தில் வேறொரு கேம் ஷாஃப்ட் வாங்கி வந்தார். வால்வுகளைத் தள்ளித் திறக்கிற தண்டு அது. பழையதைவிட இது கூடத் திறக்கும். கூடத் திறந்தால் கூடக் காற்று, கூட வலு. ஆனால் பிஸ்டன் மேலே வருகிற நேரம் வால்வும் இறங்கி நின்றால் இரண்டும் மோதும். வால்வு வளையும், பிஸ்டன் உடையும். எஞ்சின் அதோடு சரி.

கராஜில் இதைக் களிமண் வைத்துப் பார்ப்போம். அன்று ஞாயிறு, களிமண் வாங்கக் கடைகள் பூட்டு. தம்பி, ஞாயிறும் திறந்திருக்கிற மூலைக்கடையில், இங்கே தெப்பனர் என்பார்கள், மா வாங்கி, ரொட்டிக்குப் போலக் குழைத்து வந்தார்.

"உப்புப் போட்டனீரோ?" என்று கேட்டேன்.

"போட்டன் அண்ணன். எஞ்சின் எண்டாலும் சப்பெண்டு தின்னக் கூடாதுதானே."

வாங்கி வந்த தண்டைப் போட்டு, மாவைப் பிஸ்டன் தலையில் வைத்து, ஒட்டாமல் எண்ணெய் தடவி, மேல் மூடியை இறுக்கி, எஞ்சினை மெல்லக் கையால் சுற்றினோம். திரும்பக் கழற்றி மாவைக் கத்தியால் வெட்டினேன். வால்வு அமத்திய இடத்தில் மிஞ்சிய மா அப்பத்தின் கரையளவு தடிப்புக்கூட இல்லை; வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் அவ்வளவுதான் இடைவெளி.

"முட்டல்லத்தானே அண்ணன்?"

"கையால சுத்தேக்க முட்டேல்லை. வேகமா ஓடேக்க உந்தப் பழைய ஸ்பிரிங் வால்வை நேரத்துக்கு மூடாது. ஸ்பிரிங்கும் மாத்தோணும், பிஸ்டனிலயும் குழி வெட்டோணும்."

"யாழ்ப்பாணத்தாக்கள் எதுக்கும் ஒரு சாட்டு வச்சிருப்பீங்க."

"ஓம், வச்சிருக்கிறம். முட்டினா வானை ஆர் இழுக்கிறது, நீரோ?"

அவர் சிரிக்கவில்லை. வாசற்படியில் போய் இருந்தார்.

"அதுக்குக் காசு எங்க? பாதிப் பாரத்தோட ஓடினா அவளுகள் எப்ப வந்து சேருவாளுகள்?"

"உம்மட வான். நீர்தான் சொல்லோணும்" என்றேன்.

தம்பி எழும்பி வந்து, பிஸ்டனில் ஒட்டிய மாவை வழித்தெடுத்துவிட்டு, வானின் பழைய ஷாஃப்டைத் துடைத்து, திரும்பப் பூட்ட என் கையில் தந்தார்.

அதன் பிறகு ஒரு தரம் ஏற்றுவதை இரண்டாகப் பிரித்து ஏற்றினார். மாரியும் கோடையும் போய் இன்னொரு மாரியும் வந்தது. வான் ஒரு நாளும் நிற்கவில்லை. கடைசியில் அவர்களைக் கூட்டிவர விமான நிலையத்துக்கும் அதில்தான் போனோம்.

திரும்பி வரும்போது மகள் தாயின் மடியிலிருந்து மெல்லக் கேட்டது.

"அம்மா, வான் ஓடுற மாமா ஆரு?"

தாய் அழத் தொடங்கினாள். தம்பி வானை மெதுவாக, வெகு கவனமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.