காற்றுக்கு மறைவாக வைத்த அடுப்பு

"2005, ஆனி மாதம். ரொம்மன் மைதானம். எங்கட பிள்ளையள் வெண்ட நாள். கடைசிக் கோலை நேரில பார்த்தனான்."

ஒரு புகைப்படத்தின் பின்புறத்தில், அப்பாவின் கையெழுத்தில், நீல மையில் இப்படி இருக்கிறது. ஆண்டு சரி. மாதமும் சரி, சனிக்கிழமை என்பதையும் சேர்த்திருக்கலாம். நாங்கள் வென்றதும் உண்மை. கடைசி வாக்கியம் மட்டும் பொய். அந்தக் கோல் விழுந்தபோது அப்பா உடைமாற்றும் கட்டடத்துக்குப் பின்னால் நின்று, இறைச்சிக் கலவையை உள்ளே வைத்துச் சுருட்டிய றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். படத்திலேயே அவருடைய கையில் இடுக்கி இருக்கிறது.

எனக்கு அப்போது பத்து வயது. நோர்வேயில் நாங்கள் இருந்த ரொம்மனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளைக் கொண்டு ஓர் உதைபந்தாட்ட அணி இருந்தது. தமிழ் வகுப்புகளுக்கு இடையிலான கோடைப் போட்டியில் முந்தைய ஆண்டு நாங்கள் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அதன்பிறகு பயிற்சியாளர் முதுகு நோவென்று விலகிக்கொண்டார். முதுகு நோவுக்கும் தோல்விக்கும் தொடர்பில்லை என்று யாரும் கேட்காமலே எல்லாரிடமும் சொன்னார்.

அந்த இடத்துக்கு அப்பா தன் தம்பியைக் கொண்டுவந்தார். சித்தப்பா பக்கத்து நகரான திராமனில் இருந்தவர், பேருந்து ஓட்டுபவர். அங்கே நோர்வேக்காரருடைய பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு இரண்டு வார இறுதிகள் போய் வந்தவர். அவர் எங்கள் வீட்டுக்கே குடிவந்து, என் அறைக்கு அடுத்த சிறிய அறையில் தங்கினார். வீட்டில் இரைந்து பேசாத பெரியவர் அவர் ஒருவர்தான். அவர் திரும்பிப் போய்விடக்கூடாது என்பது அந்த வசந்தத்தில் என் ஒரே வேண்டுதலாக இருந்தது.

அணியின் மற்ற அப்பாமாருக்கு அவரைப் பற்றி ஒரே கேள்விதான் இருந்தது. "உவர் எந்தக் கொலிச்சுக்கு விளையாடினவர்?"

யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான். ஆனால் அதன் உதைபந்தாட்ட அணியில் இடம்பிடித்தவருக்கு அது ஆயுள்காலப் பதவி. எங்கள் அப்பாமாரில் அநேகமாக ஒவ்வொருவரும் ஒவ்வொரு கல்லூரிக்கு ஆடியவர்கள். அவர்களுக்குள் மூத்தவர், அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அண்ணனான என் பெரியப்பா. அவர் தன் கல்லூரி அணிக்குத் தலைவராக இருந்தவர். சித்தப்பாவோ போர் காரணமாகப் பதினாறு வயதிலேயே நாட்டைவிட்டு வந்தவர். எந்த அணிக்கும் ஆடியதில்லை.

சித்திரை கடைசியில், பனி உருகிய சரளைக்கல் மைதானத்தில் முதல் ஆட்டம் நடந்தது. பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணா, எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன். எதிரணியின் கோலுக்கு முன்னால் பந்து அவன் காலடியில். தடுக்க ஒருவருமில்லை. கோட்டுக்கு வெளியிலிருந்து குரல்கள் எழுந்தன.

"வலப்பக்கம் குடடா!" இது பெரியப்பா.

"குடாதை, அடி!" இது அப்பா.

"நில்லு, நில்லு, பந்தை நிப்பாட்டு!" இது இன்னொரு கல்லூரி.

அண்ணா பந்தை நிறுத்தினான். திரும்பி, கோட்டுப் பக்கம் பார்த்து, மிகுந்த பணிவோடு கேட்டான்: "என்னப்பா?"

அந்த இடைவெளியில் ஒரு சிறுவன் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான்.

அண்ணாவைக் குறைசொல்ல முடியாது. பெரியவர்கள் கூப்பிட்டால் செய்யும் வேலையை விட்டுவிட்டு ஏனென்று கேட்கவேண்டும். அப்படித்தான் எங்களை வளர்த்திருந்தார்கள். கோல் காப்பாளராக நின்ற நானும் அதையே செய்தேன். "பிள்ளை, முன்னுக்கு வா!" என்று பெரியப்பா கத்த, "ஓம் பெரியப்பா" என்று நான் முகத்தைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் பந்து எனக்குப் பின்னால் வலையில் கிடந்தது.

அடுத்த ஆட்டமும் அப்படியே போனது. அதற்கடுத்ததும். எல்லாவற்றையும் சித்தப்பா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். பயிற்சியிலும் அவர் கத்துவதில்லை. மெதுவாகப் பேசுவார், கேட்பதற்கு நாங்கள் கிட்டப் போகவேண்டும். அவர் சொல்லித்தந்ததில் முக்கியமானது, ஆளை ஆள் கூப்பிடுவது. நாங்கள் இளையவர்கள் எல்லாரையும் "அண்ணா" என்று கூப்பிட, மூன்று தலைகள் ஒன்றாகத் திரும்பும். ஆகவே கோட்டுக்குள் மட்டும் மூத்தவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று சட்டம் போட்டார். நான் முதன்முதலாக அண்ணாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அவனுக்குக் காது சிவந்தது. 

வைகாசியில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் விசாரணை நடந்தது. பெயர் என்னவோ பெற்றோர் கூட்டம். அம்மா தேத்தண்ணி கொண்டுபோய் வைக்க, நான் பலகாரத் தட்டோடு பின்னால் போய் அங்கேயே நின்றுகொண்டேன்.

"கோச் எண்டா வாய் திறக்கவேணும்," என்று தொடங்கினார் பெரியப்பா. "இவன் பூசை பாக்க வந்தவன் மாதிரி நிக்கிறான்."

"பொம்பிளைப் பிள்ளையைக் கோலுக்கை விட்டிருக்கிறார்," என்றார் ஒருவர். என்னைக் கண்டதும், "பிள்ளை நல்லாத்தான் பிடிக்குது, அது வேற," என்று சேர்த்துக்கொண்டார்.

"மூத்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பழக்கிறாராம். இது என்ன பழக்கம்?"

"இரண்டு வீக்கெண்ட் படிச்ச படிப்பு அண்ணை. உவ்வளவுதான் வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "அவனைக் கொண்டுவந்தது நான். அவன் போறதெண்டா நானும் தமிழ்ச் சங்கத்தை விட்டு விலகிறன்," என்றார். பெரியப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவனமாகக் கீழே வைத்து, தீர்ப்புச் சொன்னார்: "கோடைப் போட்டி வரைக்கும் பாப்பம். அதிலையும் இப்பிடியெண்டா, தம்பி திராமனுக்கே போய் பஸ் ஓடட்டும்."

சித்தப்பா பெரியப்பாவைப் பார்த்து, "சரி அண்ணை," என்றார். அதோடு பேச்சை மாற்றி, போட்டிக்கான டுக்னாட் வேலைகளைப் பிரிக்கவேண்டுமே என்றார். டுக்னாட் என்பது நோர்வேயில் பெற்றோர் எல்லாரும் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் வேலை. அதைத் தட்டிக்கழிப்பவருக்கு இந்த நாட்டில் மரியாதை இல்லை. "வழமையா அம்மாமார் வாஃபல் சுடுறவை. இந்த முறை எங்கட றோல்ஸ் போடுவம். ஆனா ஆக்கள் கூட வருவினம். பெரிய தாச்சி, பெரிய அடுப்பு. அதைப் பொம்பிளையளால சமாளிக்க ஏலாது. உங்களை விட்டா ஆர் அண்ணை இருக்கினம்?"

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் கொண்டாட்டங்களில் பெரிய தாச்சிக்கு, அதாவது எண்ணெய்ச் சட்டிக்கு, முன்னால் நிற்பது ஆண்கள்தான். அதிலும் அவர்தான் தலைவர். உதைபந்தாட்டத்தில் எத்தனை கல்லூரிகளோ, எண்ணெய்ச் சூட்டிலும் அத்தனை கல்லூரிகள். கூட்டத்தின் மிச்ச நேரம் முழுவதும் இறைச்சிக்கு எவ்வளவு மிளகு என்பதில் கழிந்தது. வாஃபலிலிருந்து விடுதலை கிடைத்த அம்மா சமையலறையில் ஏனோ தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

போட்டி நாளன்று காலையில் பெரியப்பா கோட்டருகே ஒரு நல்ல இடம் பார்த்து அடுப்பை இறக்கினார். சித்தப்பா ஓடிவந்தார்.

"அண்ணை, இஞ்சை வேண்டாம். காத்து. அடுப்பு நூந்திடும். கட்டடத்துக்குப் பின்னாலை வைப்பம்."

"அங்கையிருந்து மச் தெரியாதேயடா!"

"இடைக்கிடை வந்து பாக்கலாம்தானே."

இடைக்கிடை வர முடியவில்லை. றோல்ஸ் வாசம் பரவியதும் நோர்வேக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். ஒருவர் உருட்ட, ஒருவர் ரொட்டித் தூளான பாண் தூளில் பிரட்ட, ஒருவர் பொரிக்க, ஒருவர் பொரித்தது கறுத்துவிட்டதென்று சண்டை பிடிக்க, அப்பாமார் அத்தனைபேரும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். கோட்டருகே அம்மாமார் நின்றார்கள். அவர்களுக்கு விதிகள் தெரியாது. பந்து எங்கே போனாலும் கைதட்டினார்கள். எதிரணி கோல் அடித்தபோதும் தட்டினார்கள்.

முதல் ஆட்டத்தை வென்றோம். எங்களுக்கே நம்பிக்கை வரவில்லை. அடுத்ததையும் வென்றோம். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது திராமன் அணி. ஆளுக்கொரு கோல் அடித்துச் சமநிலையில் இருந்தபோது, நேரம் முடியப் போகிறது என்று நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு பந்து தாழ்வாக என்னிடம் வந்தது. விழுந்து பிடித்தேன். எழுந்தபோது மைதானம் முழுவதும் எனக்குத் தெரிந்தது. யாரும் எதையும் கத்தவில்லை. இடப்பக்கத்தில் அண்ணா தனியாக நின்றான். நான் அவனுடைய பெயரை, என் ஆயுளில் அதுவரை கத்தாத அளவுக்குக் கத்தினேன். பந்தை எறிந்தேன். அவன் வாங்கிக்கொண்டு ஓடினான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனையும். கோலுக்கு முன்னால், சித்திரையில் நின்ற அதே மாதிரியான இடத்துக்கு வந்தான். அவன் கோட்டுப் பக்கம் திரும்பவில்லை. அடித்தான்.

வலை உதறியது. அம்மாமார் வழமைபோல் கைதட்டினார்கள். பிறகு நடந்தது என்னவென்று விளங்கி அலறினார்கள். நடுவர் ஊதினார். கட்டடத்துக்குப் பின்னாலிருந்து அப்பாமார் மந்தையாக ஓடிவந்தார்கள். சட்டையெல்லாம் பாண் தூள். பெரியப்பாவின் கையில் எண்ணெய் சொட்டும் பெரிய கரண்டி.

"ஆர் அடிச்சது? ஆர் அடிச்சது?"

"உங்கட மோன்தான் அண்ணை!" என்றார் அம்மா.

பெரியப்பா கரண்டியோடே மகனைத் தூக்கினார். அண்ணாவின் முதுகில் எண்ணெய்க் கோடு விழுந்தது. அந்தச் சட்டையைக் கழுவ அவன் பல நாள் விடவில்லை. என்னையும் யாரோ தோளில் ஏற்றினார்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது, சித்தப்பா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது எடுத்த படம்தான் இது.

பெரியப்பா அவரிடம் போய் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "பரவாயில்லையடா. நான் வைகாசியிலை சொன்னதைக் கேட்டபடியாத்தான் வெண்டனீ."

"ஓம் அண்ணை," என்றார் சித்தப்பா. அவர் திராமனுக்குத் திரும்பவில்லை. அதன்பிறகு நாங்கள் ஆடிய எல்லா ஆட்டங்களுக்கும் றோல்ஸ் கடை வந்தது. எல்லா மைதானங்களிலும் காற்றடித்தது.

அன்று எனக்கு ஒரேயொரு கவலை. "பாவம், சித்தப்பா," என்று அவரிடமே சொன்னேன். "பெரியப்பா ஒரு கோலும் பாக்கேல்லை."

"ஓம் பிள்ளை. பாவம்தான்," என்று சொல்லி, அவர் இன்னொரு றோலை எடுத்துக் கடித்தார். அவருக்கும் அது வருத்தமென்றுதான் நான் நினைத்தேன்.

நினைப்பு மாறியது போன வசந்தத்தில். என் மகளின் ஆட்டத்தைப் பார்க்கப் போய், கோட்டருகே நின்று, "வலப்பக்கம்! வலப்பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அவர்களுடைய நோர்வேப் பயிற்சியாளர், மிக மரியாதையான இளைஞர், என்னிடம் வந்து, உள்ளே வாஃபல் சுட ஆளில்லை, நீங்கள் உதவ முடியுமா என்று கேட்டார். மகிழ்ச்சியோடு போய் மாவை ஊற்றினேன். முதலாவது வாஃபல் வெந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அன்றே சித்தப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அன்று அடுப்பை ஏன் கட்டடத்துக்குப் பின்னால் வைக்கச் சொன்னார் என்று கேட்டேன். "காத்துத்தான் பிள்ளை," என்றார். படத்தை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். பின்னணியில் ஒரு கொடிக்கம்பம் நிற்கிறது; கொடி இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழேயே படம் முடிந்துவிடுகிறது. அன்று ரொம்மனில் காற்று வீசியதா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.